இருபது டிகிரி அறையில் ஒன்பது இலைகள்

எனக்கு ஒழுங்காகத் தெரிந்த வேலை கவலைப்படுவது. தையல்கூட அதற்கு அப்புறம்தான். கேஸை மூடினேனா என்று பால் பூத் வரை போய்த் திரும்பி வருவேன். மகன் பைக்கில் காலேஜுக்குப் போய் மெசேஜ் போடும் வரைக்கும் ஊசியில் நூல் கோக்க வராது. ஒன்பதாம் வகுப்பை விட்டதும் இதனால்தான். முழுப் பரீட்சைக்கு முதல் நாள் வாந்தி எடுத்தேன். மறுநாளும் எடுத்தேன். மூன்றாம் நாள் அப்பா, "சரி, வீட்லயே இரு" என்றார். அதற்கப்புறம் போ என்று யாரும் சொல்லவில்லை, நானும் போகவில்லை.

சிகந்திராபாத் பக்கம் அல்வாலில் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. ஹாலின் ஜன்னலோரம் என் மெஷின். அங்கேதான் மார்ச் மாதம் முதல் வாரம் ஒரு மத்தியானம் அவள் வந்தாள். பத்து வருஷமாக என்னிடம் பிளவுஸ் தைக்கக் கொடுக்கிறவள். முன்பு எங்கள் பின் சந்தில் குடியிருந்தாள், பிறகு நாச்சாரத்தில் ஒரு கம்பெனி ஆபீஸில் வேலை கிடைத்து அந்தப் பக்கமே போய்விட்டாள். போனாலும் பிளவுஸுக்கு இங்கேதான் வருவாள். அவள் அப்பா வழிக் குடும்பம் நாலு தலைமுறையாகச் சிகந்திராபாத். தமிழ் பேசும்போதே பாதி இந்தி ஒட்டிக்கொண்டு வரும், ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'.

அன்றைக்கு அவள் கையில் துணி இல்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, செருப்பைக் காலாலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"அக்கா, இதை ஜூன் வரைக்கும் வச்சுக்கணும்."

டப்பாவுக்குள் மணலும், பெர்லைட் என்று பொரி மாதிரி இருக்கிற கல்லும் கலந்த வெள்ளை மண். அதன் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செடி, ரோஜாப் பூவைத் தட்டையாக அழுத்தி வைத்த மாதிரி. இளம்பச்சை இலை, ஓரத்தில் லேசாக ரோஸ். இலை முழுக்க வெண்ணெய் தடவினது போல மினுமினுப்பு. நடுவிலிருந்து நூல் மாதிரி ஒரு காம்பு, அதன் நுனியில் ஊதாப் பூ. அருகில் போய்ப் பார்த்தால் அந்த மினுமினுப்பு வெறும் ஈரம் இல்லை. மயிர்க்கால் மயிர்க்காலாகப் பசை. அதில் கடுகு அளவு கறுப்பு ஈ ஏழெட்டு ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்று இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

"இது சாப்பிடுதா?"

"ஹவ் அக்கா. பட்டர்வொர்ட். நம்ம தொட்டி மண்ணுல பறக்குமே அந்த ஈயெல்லாம் பிடிச்சுத் தின்னும். ஒரே ஒரு இலையிலேர்ந்து நாலு வருஷமா வளத்தேன். இந்த வருஷம்தான் முதல் பூ."

பிறந்த ஊரான கோயம்புத்தூருக்கே போய்விட்ட அவள் அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் ஆபரேஷன். ஜூன் வரை அங்கேயே இருந்து ஆபீஸ் வேலையைப் பார்க்கப் போகிறாள். ரயிலில் கொண்டு போனால் செடி குலுங்கியே செத்துவிடும். பூட்டின வீட்டில் விட்டால் வெந்தே செத்துவிடும்.

"மூணே விஷயம் அக்கா. ஏசியிலேர்ந்து சொட்டுற தண்ணி, இல்லாட்டி மழைத் தண்ணி. போர் தண்ணி ஒரு சொட்டு ஆகாது, அதுல இருக்கிற உப்பு இதைக் கொன்னுடும். ஃபில்டர் தண்ணியும் நக்கோ, இப்போ எல்லா ஃபில்டர்லயும் மினரல் சேக்குறாங்க. ரெண்டாவது, வெளிச்சம் வேணும், வெயில் படக் கூடாது. மூணாவது, சும்மா சும்மா தொடாதீங்க."

"உங்க அபார்ட்மென்ட்ல இத்தனை பேர் இருக்காங்களேம்மா. என்கிட்ட எதுக்கு?"

"எல்லாரும் 'டென்ஷன் நக்கோ, பாத்துக்குறோம்'னாங்க. டென்ஷன் ஆகாதவங்க எப்படிப் பாத்துப்பாங்க? நீங்க ஆவீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இந்தக் கவலைக்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன், மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன், சாமிக்கு முடிந்து வைத்திருக்கிறேன். அது வேண்டும் என்று கேட்டு ஒருத்தி வீடு தேடி வந்தது அன்றைக்குத்தான். சரி என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாளே செல்போனில் முப்பது படம் எடுத்தேன். மேலிருந்து, பக்கவாட்டில், பூவை மட்டும், ஈயை மட்டும். வந்தபோது எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும் இல்லையா.

எங்களுக்கு ஏசி கிடையாது. கீழ் வீட்டுக்காரர்களுக்கு உண்டு, அதன் குழாய் படிக்கட்டுப் பக்கம் சொட்டும். அங்கே ஒரு பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டேன். கீழ் வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

"கைக்கு அக்கா, எதுக்கு இந்த பாட்டில்? மேல தண்ணி வரலையா?"

"செடிக்குங்க."

"நாங்களே மஞ்சீரா ஆத்துத் தண்ணிதான் குடிக்கிறோம், உங்க செடிக்கு ஏசி தண்ணியா? அது என்ன, மினிஸ்டர் வீட்டுச் செடியா?"

ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயம்புத்தூரிலிருந்து மெசேஜ் வரும். 'அக்கா, பாப்பா எப்படி?' நான் அன்றைய படத்தை அனுப்புவேன். அவள் ஒரு இதயம் போடுவாள். மார்ச் முழுக்க அப்படியே போனது. நாளைக்குப் பதினைந்து தடவை எழுந்து போய்ப் பார்ப்பேன். பாவாடை ஓரம் அடித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் விட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பேன். மகன், "வதிலேய் அம்மா" என்பான். விடு என்று அர்த்தம். நான் தமிழில் கேட்டால் அவன் தெலுங்கில்தான் பதில் சொல்வான். "அந்தச் செடிக்கு ஒரு ஆதார் கார்டு எடுத்துடு, தொலைஞ்சு போகாம இருக்கும்" என்று ஒரு நாள் சொன்னதும் தெலுங்கில்தான்.

ஏப்ரல் வந்தது. இந்த ஊர் வெயில் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. காற்று இருக்கும், ஆனால் அடுப்பு வாயிலிருந்து வருகிற காற்று. துவைத்த துணி கொடியில் போட்ட கையோடு அப்பளமாகிவிடும். பதினொரு மணிக்கெல்லாம் செடியின் பசை காய ஆரம்பித்தது. சாயங்காலம் பார்த்தால் இலை வெறும் இலையாக, தொட்டால் ஒட்டாமல் கிடந்தது. தொடக் கூடாது என்றுதான் சொன்னாள். தொட்டேன்.

அன்றைக்குத்தான் பரண் மேலிருந்து ஏர் கூலரை இறக்கி, அதன் பக்கத் தட்டிகளில் புதுப் புல் கட்டியிருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் மகனும் அதன் முன்னால் ஜில்லென்று உட்கார்ந்திருக்க, பாவம் அது மட்டும் ஜன்னலோரம் வேகிறதே என்று தோன்றியது. டப்பாவை எடுத்துக் கூலருக்கு நேராக ஸ்டூல் போட்டு வைத்தேன். மறுநாள் இலையில் ஈரம் திரும்பியிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அனுப்பின படம்தான் நான் அனுப்பின கடைசி நிஜப் படம்.

பத்து நாளில் இலைமேல் திருநீறு பூசின மாதிரி வெள்ளை படிந்தது. பூஞ்சை என்று நினைத்தேன். இன்னும் ஈரம் வேண்டும் போல என்று கூலருக்குப் பக்கத்தில் நகர்த்தினேன், டப்பாவில் ஏசித் தண்ணீரை இன்னும் ஊற்றினேன். இலை ஓரம் பழுப்பாகிச் சுருண்டது.

கண்டுபிடித்தவர் வீட்டுக்காரர். பாலாநகரில் ஒரு சின்ன ஃபேக்டரியில், லேத்தில் கடைந்து வருகிற இரும்புப் பாகங்களின் அளவைச் சரிபார்க்கிற வேலை அவருக்கு. அதிகம் பேச மாட்டார், ஆனால் எதைப் பார்த்தாலும் எங்கே தப்பு என்றுதான் பார்ப்பார். அரக்கோணத்திலிருந்து ரயில்வே வேலைக்காக இங்கே வந்த குடும்பம். பேச்சில் அந்த ஊர் இன்னும் போகவில்லை.

"கூலர்ல இன்னா தண்ணி ஊத்துற?"

"பைப்புத் தண்ணிதான்."

"போர் தண்ணி." கூலரின் புல்லில் வெள்ளையாக ஏறியிருந்த உப்பை நகத்தால் சுரண்டி என்னிடம் காட்டினார். "அதே தண்ணியத்தான் சாரலா அடிச்சினு கீது. இந்தா, செடி மேலயும் அதே உப்பு."

டம்ளரால் ஊற்றுகிற தண்ணீருக்கு அத்தனை காவல் காத்தேன். சொட்டுச் சொட்டாகப் பாட்டிலில் பிடித்தேன், கீழ் வீட்டில் கேலி கேட்டேன். காற்றோடு வருகிற தண்ணீரைத் தண்ணீர் என்றே நான் நினைக்கவில்லை.

கூலர் முன்னாலிருந்து டப்பாவை எடுத்து மூலையில் வைத்தேன். உப்பு போகட்டும் என்று ஏசித் தண்ணீரால் இலையைக் கழுவினேன், மறுநாளும் கழுவினேன். அந்த உஷ்ணத்தில் அத்தனை ஈரம் நின்றால் என்ன ஆகும்? நடுக்குருத்து கொழகொழவென்று அழுகியது. பூ எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெசேஜ் வந்தது. 'அக்கா, பாப்பா எப்படி?'

பயத்தில் விரல் தானாகவே மேலே தள்ளி, முதல் நாள் எடுத்த முப்பதில் ஒன்றை அனுப்பியது. இதயம் வந்தது. அடுத்த ஞாயிறு இன்னொன்று. மூன்றாவது வாரம், "பூ இன்னும் இருக்கா அக்கா! சூப்பர்" என்று குரலிலேயே அனுப்பியிருந்தாள். அவள் பின்னால் அவள் அம்மா வாக்கர் தட்டிக்கொண்டு நடக்கிற சத்தம் கேட்டது. வலியில் இருக்கிற அம்மாவை நடக்க வைத்துக்கொண்டே, என் பொய்க்குச் சந்தோஷப்படுகிறாள். செடி போனால் செடிதான் போகும். ஆனால் இத்தனை வருஷத்தில் என் கவலையை நம்பி ஒன்றை ஒப்படைத்தவள் ஒருத்திதான், அவளிடம் இனி என்ன முகத்தோடு நிற்பது?

மகனிடம்தான் முதலில் சொன்னேன். அவன் கேலி செய்வான் என்று பார்த்தேன். செய்யவில்லை. போனை எடுத்து எதையோ தேடி, ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்தி எனக்கு அர்த்தம் சொன்னான். அதிசயமாகத் தமிழில். "குருத்து போனாலும் இலை நல்லா இருந்தா பிய்ச்சுடலாமாம். அடியில வெள்ளையா இருக்கிற இடம் முழுசா வரணும். ஈரத்து மேல படுக்க வச்சா அங்கேர்ந்து குட்டி வருமாம். ஆனா ரொம்ப சூடு ஆகாது."

அழுகலை விட்டு எடுத்ததில் பதினோரு இலை தேறியது. ஈர மணலில் வரிசையாகப் படுக்க வைத்தேன். வைத்தவள் சும்மா இருந்தேனா? வேர் வந்ததா என்று காலையில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். மத்தியானம் அதையே மறுபடி தூக்கினேன். மறுநாள் பக்கத்து இலையை. மூன்றாம் நாள் இரண்டும் நசுங்கித் தண்ணீராகிவிட்டன.

மீதி ஒன்பது. வீட்டுக்காரர் மணலையும் என்னையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன் கையில இருந்தா ஒண்ணும் மிஞ்சாது. எங்க ரூமுக்கு எடுத்துனு போறேன்."

அவர் வேலை செய்கிற அறையைப் பற்றி வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. இரும்பு சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். அதனால் அளவு பார்க்கிற அறையில் வெயில் காலமோ மழைக் காலமோ, பகலோ ராத்திரியோ, எப்போதும் இருபது டிகிரி. கரண்ட் போனால் அங்கே முதலில் ஜெனரேட்டர் போடுவார்கள். மனிதர்களுக்காக இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கிற இரும்பு அளவுக்கட்டைகளுக்காக. செருப்பு வெளியே விட வேண்டும். ஒரு துகள் மண் உள்ளே போகக் கூடாது. ஆகவே மணல் கிடையாது. கண்ணாடி மாதிரித் தெரிகிற, மூடி போட்ட ஸ்வீட் டப்பாவில் டிஷ்யூ பேப்பரை மடித்துப் போட்டு, ஏசித் தண்ணீரில் நனைத்து, ஒன்பது இலையையும் வைத்து மூடினோம். மூடியைச் சுற்றி அவரே டேப் ஒட்டினார். என்னைப் பார்த்துக்கொண்டே ஒட்டினார்.

அவருடைய மேலதிகாரி டப்பாவைப் பார்த்துவிட்டு, "அளவு போட்ட டிராயிங் எங்கேய்யா? டிராயிங் இல்லாம எப்படி இன்ஸ்பெக்ஷன் பண்ணுவே?" என்றாராம். ஆனால் மேஜை விளக்கின் கீழே வைக்க விட்டுவிட்டார்.

அதற்கப்புறம் என் கண்ணில் எதுவும் இல்லை. ஜன்னலோரம் காலி. பதினைந்து தடவை எழுந்து போவது நிற்கவில்லை. போய், காலி இடத்தைப் பார்த்துவிட்டு வருவேன். சாயங்காலம் அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் படிக்கட்டுக்கே போய் நிற்பேன்.

"இன்னைக்கு?"

"அப்படியே கீது."

"பச்சையா இருக்கா, பழுப்பா இருக்கா?"

"ரெண்டு பழுப்பு. ஏழு பச்சை. முதல்ல காபி போடு."

இப்படியே மே பாதி ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி லீவு. அன்றைக்குச் சேதியே கிடையாது. கோயம்புத்தூரிலிருந்து மெசேஜ் வருகிற நாளும் அதுவேதான். முப்பது படத்தில் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. நினைத்தால் ஜூன் வரை ஓட்டலாம். அப்படி நினைத்ததும் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. குரல் மெசேஜை அமுக்கினேன். பேசினேன், அழித்தேன். எட்டு முறையாவது இருக்கும். ஒருமுறை கூலரைப் பற்றியே மூன்று நிமிஷம் பேசியிருந்தேன், செடி செத்ததைச் சொல்லவே இல்லை. கடைசியில் மகன், "முதல் வரியில சொல்லும்மா, மீதியை அப்புறம் சொல்லு" என்றான்.

"செடி போயிடுச்சும்மா. ஒரு மாசம் ஆகப்போகுது. நான் அனுப்பின படமெல்லாம் பழசு. கூலர் முன்னாடி வச்சுட்டேன், அது போர் தண்ணி. தப்பு என்னோடதுதான். ஏழு இலை வீட்டுக்காரர் ஃபேக்டரியில இருக்கு. வருமா வராதான்னு தெரியல."

இரண்டு நீலக் கோடும் உடனே விழுந்தன. பதில் இல்லை. அன்றைக்கு இல்லை, மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் ஒரே வரி: 'ஊருக்கு வந்து பேசறேன் அக்கா.'

என்னை மாதிரி ஒருத்தியிடம் சொல்லக் கூடாத வாக்கியம் அது. வந்து என்ன பேசுவாள் என்று நானே அவள் குரலில் பேசிப் பார்த்தேன். தினம் ஒரு விதமாகப் பேசினாள். ஒரு நாள் அழுதாள். ஒரு நாள் பத்து வருஷத்துப் பிளவுஸ் தையலில் எல்லாம் குறை சொன்னாள். அந்த வாரத்தில் இரண்டு பேருக்குக் கழுத்தை மாற்றி வெட்டிவிட்டேன்.

அதே வாரத்தில்தான் ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் படியேறும்போதே, நான் கேட்பதற்கு முன்னால், "ஒண்ணு புள்ளி ரெண்டு" என்றார்.

"எது?"

"மில்லிமீட்டர். மூணாவது இலை அடியில. கோடு போட்ட லென்ஸ் கீதுல்ல, மூடியைத் திறக்காமலே அதுல பாத்தேன். பச்சையா ஒரு முளை."

அதற்குப் பிறகு அவர் தினமும் நம்பரோடு வந்தார். ஒன்று புள்ளி ஆறு. இரண்டு. நாலாவது இலையிலும் புதுசு. காலண்டர் பின்பக்கத்தில் தானே குறித்தும் வைத்தார். இத்தனை வருஷக் கல்யாணத்தில் நாங்கள் அவ்வளவு பேசினதில்லை. சில நாள் நான் கேட்பது, வளர்ந்ததா என்பதற்காகவா அவர் நம்பர் சொல்கிற குரலுக்காகவா என்று எனக்கே பிடிபடவில்லை. ஆனால் ஒவ்வொரு நம்பருக்கும் பின்னால், அவள் வர இன்னும் ஐந்து வாரம், நாலு, மூன்று என்று இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஜூன் கடைசியில், இரண்டு மழை பெய்து ரோடு கழுவின மாதிரி இருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். இளைத்திருந்தாள். அம்மா குச்சி வைத்துக்கொண்டு நடக்கிறார்கள் என்றாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். டப்பாவை அவள் முன்னால் வைத்தேன். முதல் நாள்தான் வீட்டுக்காரர் கொண்டு வந்திருந்தார். ஒன்பது இலையில் ஐந்து கறுத்துப் போயிருந்தன. நாலு இலையின் அடியில் நாலு குட்டி. மூன்று, மிளகு அளவுக்குக் குட்டி ரோஜா மாதிரி விரிந்திருந்தன. நாலாவது கடுகுதான்.

அவள் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கி வெகு நேரம் பார்த்தாள். நான் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"செடி செத்ததுக்குக் கோபம் இல்ல அக்கா. என் கையில ஆறு செத்திருக்கு. இந்த ஊர்ல இது பொழைக்கிறதே பெரிசு." டப்பாவைக் கீழே வைத்தாள். "அந்தப் படம். பூ வச்ச படம். அம்மா வலின்னு கத்துறப்போ அதைத்தான் காட்டுவேன். 'பாரும்மா, நான் இல்லாமலே பூத்து நிக்குது'ன்னு. பொய்யைக் காட்டி அவங்களை நடக்க வச்சிருக்கேன்."

மன்னிப்பு என்ற வார்த்தை வாய்க்குள் வந்து, அது ரொம்பச் சின்னதாக இருந்ததால் திரும்பிப் போய்விட்டது.

அவளே கேட்டாள். "இதுல எது சாகும்?"

நல்லதைச் சொல்லலாம் என்று நாக்கு போனது. பிடித்து நிறுத்தினேன். "இது. கடுகு மாதிரி இருக்கிறது. நாலு நாளா வளரல. இலை அடியும் கறுக்குது."

மற்ற மூன்றையும் டிஷ்யூவோடு வெட்டி, தான் கொண்டு வந்திருந்த டப்பாவில் வைத்துக்கொண்டாள். நாலாவதை ஸ்வீட் டப்பாவிலேயே விட்டு மூடினாள்.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும்."

தண்டனையா, வேறு ஏதாவதா? அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. "செத்துட்டா?" என்றேன்.

"சாகும்போது சொல்லுங்க. செத்தப்புறம் இல்ல."

பிளவுஸ் பற்றி எதுவும் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை டப்பா மறுபடி பாலாநகர் போனது. மேலதிகாரி, "ரீவர்க் ஜாபா?" என்று கேட்டாராம். தப்பாகி மறுபடி சரி பண்ண வருகிற பாகத்தை அப்படித்தான் சொல்வார்களாம். ஜூலையில் அதற்கு இரண்டு இலை விட்டது. ஆகஸ்டில் ஒன்று வாடியது, அன்றைக்கே அவளுக்குச் சொன்னேன். இப்போது வெயில் இறங்கிவிட்டதால் வீட்டு ஜன்னலோரத்தில்தான் இருக்கிறது, நகம் அளவு. ஞாயிற்றுக்கிழமைக்கெல்லாம் நான் காத்திருப்பதில்லை. அவள் சில நாள் பதில் போடுவாள், பல நாள் நீலக் கோடு மட்டும்தான்.

இன்று காலை கீழ் இலையில் ஓரமாக ஒரு பழுப்புப் புள்ளி. பல் விளக்குவதற்கு முன்னால் படம் எடுத்து அனுப்பிவிட்டேன்.